திரும்பி வருவதற்கான காரணம்

அந்தக் கோப்பை மேலே வைத்துவிடுங்கள். சென்னை வரைக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார முடியாது. யாரும் எடுக்க மாட்டார்கள். அதில் இருக்கிற தாள்கள் உங்களைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் பயன்படாது.

விசாவுக்குத்தானே? கேட்கவே வேண்டியதில்லை. நீலப் பிளாஸ்டிக் கோப்பு, ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டிப் பிரித்த தாள்கள், உங்கள் வீட்டம்மா கையில் புகைப்படத்துக்கென்று தனிக் கவர். எங்கள் வீட்டிலும் இதே கோப்புதான் இருந்தது. கைரேகை வைக்கப் போகிறீர்கள். எத்தனை மணிக்கு? மூன்றரைக்கா. போதும். ரயில் இரண்டு மணிக்கெல்லாம் போய்விடும்.

கனடாவா. மகனா அங்கே. சரி.

அம்மா தூங்கட்டும், எழுப்ப வேண்டாம். எழுந்ததும் ஒன்று சொல்லுங்கள். அம்மா தையல் வேலை செய்கிறார்கள் என்றால் விரல் நுனி தேய்ந்திருக்கும். மெஷினில் ரேகை விழாது. உள்ளே போகிறதற்கு முன்னால் வெந்நீரில் கை கழுவி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்து, துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். என் வீட்டுக்காரி பாவாயிக்கு ஏழு முறை வைத்தும் விழவில்லை. நாற்பது வருஷம் தறிக்கு நூல் சுற்றிய கை. அங்கே வாசலில் நின்ற காவலாளி அம்மா ஒருத்திதான் இந்த எண்ணெய் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தாள். எட்டாவது முறை விழுந்தது. எனக்கு அப்படி இல்லை. வைத்தேன், விழுந்தது. பத்து விரலும் ஒரே தடவை. அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண், “உங்க ரேகை ரொம்பத் தெளிவுங்க” என்றாள். ஒரு ஆளைப் பார்த்தால் மெஷினுக்கும் தெரியும்போலிருக்கிறது.

என் பெயர் செங்கோடன். பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர் சங்கம். கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நீங்கள் ஈரோட்டுக்காரர். ஆற்றுக்கு அந்தக் கரையில் நாங்கள் தொண்டை கிழியக் கத்தியது இந்தக் கரைக்கு என்றைக்குக் கேட்டிருக்கிறது? எழுபத்தைந்தில் ஆரம்பித்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மீதியெல்லாம் துண்டறிக்கையில் படித்தது. அப்புறம் நானே துண்டறிக்கை எழுதினேன். தறிக்காரனுக்குக் கூலி எத்தனை பைசா ஏறியதோ, அந்தப் பைசா ஒவ்வொன்றிலும் என் தொண்டை இருக்கிறது. நாற்பத்தேழு முறை கைதானவன். சும்மா சொல்லவில்லை, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த நாற்பத்தேழுதான் இந்த விசாக் கதையே.

எனக்கு ஒரே மகள். வாலண்டினா. விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் பெயர். நான்தான் வைத்தேன். கனடாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே அவளை ரஷ்யாக்காரி என்று நினைத்துக்கொள்கிறார்களாம். போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. கட்டியவன் சரியில்லை, விட்டுவிட்டாள், தனியாக இருக்கிறாள். அவள் கிளம்பிய அன்றைக்கு நான் வழியனுப்பப் போகவில்லை. அன்று கூலிப் பேச்சுவார்த்தை. முதலாளிகள், அதிகாரிகள், நாங்கள். நான் இல்லாமல் எப்படி? அன்றைக்குப் பேச்சு முடியாமல் அடுத்த வாரத்துக்குப் போய்விட்டது, அது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். பாவாயிதான் பேசுவாள் அவளோடு. கடைசியில் போனை என் பக்கம் திருப்புவாள். “அப்பா, நல்லா இருக்கீங்களா?” “இருக்கிறேன்.” அவ்வளவுதான். மைக்கைக் கொடுத்தால் இரண்டு மணி நேரம் பேசுவேன். அந்தச் சின்னச் சதுரத்தில் அவள் முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது. எதனால் என்று தெரியாது. நெட்வொர்க்கும் சரியில்லை.

போன வருஷம் புரட்டாசியில் ஒரு ஞாயிறு. கிழவர்களைத் தூக்கித் தூக்கி முதுகெலும்பு விலகிவிட்டது, தை மூன்றாம் தேதி ஆபரேஷன், அதற்கு அப்புறம் இரண்டு மாதம் குனியக்கூடாது, ஒரு தம்ளர் தூக்கக்கூடாது என்று சொன்னாள். பாவாயியை வரச் சொன்னாள். நான் போன் நின்றுவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் சொன்னாள்: “அப்பாவையும் கூட்டிட்டு வாம்மா.”

பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவை. அதற்கு முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை.

எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டுவரத் தமயந்தி கடைக்குப் போனேன். தமயந்தி எங்கள் தெருமுனையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறது. ஆதார், பட்டா, பாஸ்போர்ட், எல்லாம் அதுதான் போடும். நாற்பது வயசு இருக்கும். எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லாது.

பாஸ்போர்ட்டுக்குப் போட்டோம். போலீஸ் விசாரணைக்கு வருவார்கள் என்று தமயந்தி சொன்னது. வரட்டும் என்றேன். அதற்குத்தான் நான் காத்திருந்தது. மேசையைத் துடைத்து, பேப்பர் செய்திகளை வருஷவாரியாக அடுக்கி வைத்தேன். நோட்டை நடுவில் வைத்தேன். என்னை மாதிரி ஒருவனுக்கு நல்லவன் என்று எழுதிக் கொடுக்க ஸ்டேஷனில் அவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பார்களா? எட்டுப் பக்கத்துக்குப் பதில் தயார் செய்திருந்தேன். நானும் அரசாங்கமும் நேருக்கு நேர் பேசி ரொம்ப நாளாயிற்று.

வந்தார் ஒருவர். பைக்கில். பக்கத்து வீட்டில் இரண்டு கையெழுத்து வாங்கினார். பாவாயி கொடுத்த மோரைக் குடித்தார். மேசையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானே கேட்டேன், என் விவரமெல்லாம் எடுத்துவிட்டீர்களா என்று.

“பார்த்துட்டனுங்க ஐயா. உங்க பேருல ஒண்ணுமே இல்லீங்க. சுத்தமா இருக்குது.”

சுத்தமாக இருக்கிறதாம்.

உங்களுக்குப் புரிகிறதா? நாற்பத்தேழு முறை. கலெக்டர் காரை மறித்தவன். பாலத்தில் ஐந்து மணி நேரம் ஒரு வண்டி போகவிடாமல் உட்கார்ந்தவன். அவன் பெயரில் ஒன்றுமே இல்லை.

நான் நோட்டைக் காட்டினேன். அவர் நின்றபடியே இரண்டு பக்கம் புரட்டினார். மரியாதையாகத்தான் சொன்னார், அதில் குறை சொல்ல மாட்டேன். இதெல்லாம் பிடித்து மண்டபத்தில் வைத்துவிட்டுச் சாயங்காலம் அனுப்பிவிடுகிறதுங்க, இதற்கு வழக்குப் போட மாட்டோம், போட்டால் எங்களுக்குத்தான் எழுத்து வேலை என்றார்.

மண்டபம் தெரியுமில்லையா உங்களுக்கு? மறியல் செய்தால் வேனில் ஏற்றி ஆற்றோரத் திருமண மண்டபத்துக்குக் கொண்டுபோவார்கள். பெயர், அப்பா பெயர், ஊர் எழுதுவார்கள். மதியம் பொட்டலத்தில் எலுமிச்சைச் சாதம் வரும். ஆறு மணிக்குக் கதவைத் திறந்துவிடுவார்கள். அதில் எந்த மின்விசிறி சுற்றும், எது சுற்றாது என்பது எனக்கு அத்துப்படி. வாலண்டினா கல்யாணத்துக்கு அதே மண்டபத்தைப் பிடிக்கலாம் என்றேன், பாவாயி ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டாள். ஆனால் மண்டபமாக இருந்தாலும் கைது கைதுதானே? கதவுக்கு வெளியே லத்தியோடு நின்றார்களா, இல்லையா? மறுநாள் பேப்பரில் “செங்கோடன் உள்பட நூற்று இருபது பேர் கைது” என்று வந்ததா, இல்லையா?

பாஸ்போர்ட் பத்தே நாளில் வந்துவிட்டது. இரண்டு பேருக்கும். பாவாயி அன்றைக்கே விசாவுக்கும் போட்டுவிடலாம் என்றாள். நான் விடவில்லை. அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். எந்த நாட்டிலாவது குற்றம் செய்திருக்கிறீர்களா, கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா என்று. அதற்கு நான் உண்மையை எழுத வேண்டும். எழுதினால் ஆதாரம் கேட்பார்கள். ஆதாரம் இல்லாமல் எழுத மாட்டேன். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். செங்கோடன் என்பவர் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை எத்தனை முறை கைது செய்யப்பட்டார், பட்டியல் தருக.

முப்பது நாள் கழித்துப் பதில் வந்தது. மண்டபத்தில் தங்கவைத்து அன்றே அனுப்பப்பட்டவர்கள் மீது வழக்கு ஏதும் பதியப்படவில்லை. பெயர்ப் பட்டியல்கள் பராமரிப்புக் காலம் முடிந்து அழிக்கப்பட்டன. மேல்முறையீடு செய்தேன். அதற்கும் அதே பதில், காகிதம் மட்டும் கொஞ்சம் தடிமன்.

அதற்குள் கார்த்திகை வந்துவிட்டது. பாவாயி தினமும் காலண்டரைப் பார்ப்பாள். வாயைத் திறக்க மாட்டாள். அவள் குணம் அது. ஒருநாள் மட்டும் நூல் பிரித்துக்கொண்டே, “புள்ளைக்கு முதுகு வலி. உங்களுக்கு எதுங்க வலிக்குது?” என்றாள். இதை அரசியல் தெரியாதவர்களுக்கு எப்படி விளக்குவது?

டீ வருகிறது. வேண்டுமா? எனக்கு வேண்டாம், இந்த டீயைக் குடித்தால் நெஞ்சு கரிக்கிறது. நீங்கள் குடியுங்கள்.

ஆதாரம் கிடைக்காது என்று ஆனதும், பேப்பர் செய்திகளே ஆதாரம் என்று முடிவு செய்து தமயந்தி கடைக்குப் போனோம். அந்தக் கேள்வி வந்தது. ஆமாம் என்று போடு என்றேன். தமயந்தி கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தது.

“ஐயா, பதிவே இல்லாத ஒண்ண நீங்களா போய் எதுக்குங்க சொல்றீங்க?”

நடந்ததை நடந்தது என்று சொல்லத்தான் என்றேன். ஆமாம் என்று போட்டால் ஒரு பெட்டி திறக்கும், அதில் நாலு வரிதான் பிடிக்கும் என்றது. நாற்பத்தேழை நாலு வரியில் எப்படி எழுதுவது? கூடுதல் தாள் இணைக்க ஒரு இடம் உண்டு என்று தெரிந்தது. அறுபத்து நாலு பக்கம் ஸ்கேன் செய்யச் சொன்னேன். அளவு பெரிதாகிவிட்டது, ஏற மாட்டேன் என்கிறது, படமெல்லாம் மங்கிப்போகிற மாதிரிச் சுருக்கி ஏற்றியது.

அப்புறம் கடிதம். எதற்காக வருகிறீர்கள் என்று ஒரு கடிதம் வைக்க வேண்டும். வாலண்டினா மாதிரி ஒன்று அனுப்பியிருந்தாள். ஐந்து வரி. மகளுக்கு ஆபரேஷன், உடனிருந்து பார்த்துக்கொள்ள வருகிறேன், அவள் வீட்டில் தங்குவேன், மூன்று மாதத்தில் திரும்பிவிடுவேன். படித்துப் பார்த்தேன். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. நான் வாழ்க்கையில் யாருக்கும் கெஞ்சி எழுதியவனில்லை. நானே எழுதினேன். நாலு பக்கம். உழைப்பவனுக்கு எல்லை கிடையாது என்று ஆரம்பம். பார்வையாளர் அனுமதி என்பது சலுகை அல்ல என்று இரண்டாம் பத்தி. முதியோர் இல்லங்களில் தொழிலாளிகளை மிருகம் மாதிரி வேலை வாங்குவதைப் பற்றி ஒரு பக்கம், வாலண்டினாவின் முதுகே அதற்குச் சாட்சி என்றேன். அவளோடு வேலை செய்கிற தொழிலாளர்களைச் சந்தித்து நிலைமையை நேரில் அறிய இருப்பதாகவும் எழுதினேன். கடைசியில்தான், இடம் போதவில்லை, மகளையும் பார்ப்பேன் என்று ஒரு வரி.

தமயந்தி அதை இங்கிலீஷில் மாற்றிக்கொண்டே வந்தது. மூன்றாம் பக்கத்தில் நிறுத்தியது.

“ஐயா, இது விண்ணப்பமுங்க. நோட்டீஸ் இல்லீங்க.”

நான் எழுதினால் இப்படித்தான் வரும் என்றேன். மாற்றிவிட்டு அனுப்பினால் அது என் கடிதம் இல்லை. பாவாயி பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய விண்ணப்பத்துக்கு வந்தோம். அதே கேள்வி. அவளுக்கு இல்லை என்று போடு என்றேன். பாவாயி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் தமயந்தியிடம், “என்னுது இப்ப அனுப்ப வேண்டாம் கண்ணு. இவருது போவட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்” என்றாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். முதல் தடவை விமானம், முதல் தடவை வெளிநாடு, பெண்பிள்ளை.

ஒரு விஷயம் உண்டு, நடுவில் சொல்ல விட்டுவிட்டேன். எண்பத்தைந்தில் எழுபது நாள் வேலைநிறுத்தம். அப்போது என்னைப் பிடிக்க வீடு வீடாகத் தேடினார்கள். தலைவன் உள்ளே போய்விட்டால் போராட்டம் சிதறிவிடும், நீ வெளியே இரு என்று கமிட்டி முடிவு. பவானிக்கு அந்தப் பக்கம் வெங்காயம் அடுக்கி வைக்கிற ஒரு பட்டறையில் இருபது நாள் தலைமறைவாக இருந்தேன். அந்த வெங்காய வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது. அந்தச் சமயத்தில் பெண்கள் பாலத்தை மறித்தார்கள். பாவாயி முன்வரிசையில் இருந்தாள். மற்றவர்களை மண்டபத்துக்கு அனுப்பினார்கள், என் மனைவி என்று தெரிந்து அவளை மட்டும் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். பதினோரு நாள் சிறை. வாலண்டினா எட்டு மாதக் கைக்குழந்தை, அவளும் உள்ளே. நான் போய்ப் பார்க்க முடியாது, போனால் பிடித்துவிடுவார்கள். ஆனால் சும்மா இருக்கவில்லை. பட்டறையிலேயே உட்கார்ந்து துண்டறிக்கை எழுதி அனுப்பினேன். “தோழர் செங்கோடன் குடும்பத்தின் மீது அடக்குமுறை.” ஐயாயிரம் பிரதி. என் நோட்டில் அது பன்னிரண்டாவது கைது. என்னைத் தேடி வந்ததுதானே? என் கணக்கில்தான் வரும். விசாவுக்கு அனுப்பிய அறுபத்து நாலு பக்கத்தில் அந்தத் துண்டறிக்கையும் இருந்தது.

மார்கழி பாதியில் எனக்குப் பதில் வந்தது. மறுப்பு.

இருங்கள், காட்டுகிறேன். பையில்தான் இருக்கிறது. லேமினேட் செய்திருக்கிறேன். இங்கிலீஷ் உங்களுக்கு வருமா? படியுங்கள். இரண்டே இரண்டு காரணம். வருகையின் நோக்கம் தெளிவாக இல்லை. தங்கும் காலம் முடிந்ததும் நாட்டைவிட்டுத் திரும்புவீர்கள் என்று நம்ப முடியவில்லை. அவ்வளவுதானே? கைதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறதா? அறுபத்து நாலு பக்கம் அனுப்பியவனுக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைத்தான் கவனிக்க வேண்டும். பெயரைச் சொல்லத் தயங்குகிறவர்கள்தான் இப்படிச் சுற்றி வளைத்து எழுதுவார்கள். மே தினக் கூட்டத்தில் இதை உயர்த்திக் காட்டினேன். ஒரு வல்லரசு என்னை உள்ளே விடப் பயப்படுகிறது என்றேன். கைதட்டினார்கள். இப்போதெல்லாம் இருபது பேர்தான் வருகிறார்கள், ஆனாலும் தட்டினார்கள்.

என்ன பார்க்கிறீர்கள்? சொல்ல வந்ததைச் சொல்லுங்கள். கடிதம் நாலு பக்கம் எழுதியதாலா? தமயந்தியும் அதைத்தான் சொன்னது. சரி. கொடுங்கள், உள்ளே வைத்துவிடுகிறேன்.

மறுப்பு வந்த அன்று சாயங்காலம் பாவாயி அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். கல்யாணச் சேலைக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். மடிப்பில் கிழிந்து, துணியை ஒட்டி வைத்திருந்தாள். கோர்ட்டு முத்திரை. எண்பத்தைந்து. இன்ன ஊர், இன்னாரின் மனைவி பாவாயி, மறியல் வழக்கு, எச்சரித்து விடுவிக்கப்பட்டார். வழக்கு எண்ணோடு. நான் நாற்பத்தேழு முறைக்குத் தேடிக் கிடைக்காதது. இத்தனை வருஷம் இது இருப்பதே எனக்குத் தெரியாது. எதற்கு இதை வைத்திருந்தாய் என்று கேட்டேன்.

“எம் பேருல இருக்கற காயிதம் இது ஒண்ணுதானுங்க.”

ரேஷன் கார்டு இருக்கிறது, வாக்காளர் அட்டை இருக்கிறது என்றேன். அவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு தனியாகத் தமயந்தி கடைக்குப் போனாள். நான் வருகிறேன் என்றேன். வேண்டாமுங்க, நீங்க வந்தா நேரமாகும் என்றாள்.

ஆஸ்பத்திரிக் கடிதத்தை வைத்து அவசரம் என்று போட்டிருந்தாள். கைரேகைக்கு மட்டும் நான் கூடப் போனேன், வெளியே உட்கார்ந்திருந்தேன், அதுதான் அந்த எண்ணெய்க் கதை. இருபத்திரண்டு நாளில் விசா வந்தது. அதற்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஒன்பதாம் நாள்தான் இவள் போய்ச் சேர்ந்தாள். அந்த ஒன்பது நாளும் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரி ஒருத்தி ரொட்டி சுட்டுக் கொடுத்து, எழுப்பிவிட்டுப் படுக்கவைத்திருக்கிறாள். ஊர் பேர் தெரியாதவள். இதைத்தான் நான் ஐம்பது வருஷமாகப் பேசுகிறேன், உழைக்கிறவர்களுக்குள் இருக்கிற ஒற்றுமை என்று.

பெட்டி கட்டியதெல்லாம் அவளே. இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் கூடாது என்று மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தாள். ஊறுகாயை மூன்று கவர் போட்டுக் கட்டினாள். மருந்துச் சீட்டைக் கைப்பையில் வைத்தாள். அங்கே இறங்கியதும் அதிகாரி கேட்டால் சொல்ல நாலு இங்கிலீஷ் வார்த்தையைத் தமயந்தியிடம் கற்றுக்கொண்டு, நூல் பிரிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தாள். டாட்டர். ஆபரேஷன். ஹெல்ப். ரிட்டர்ன். நான் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

அவள் போன பிறகு வீடு எப்படியோ ஆகிவிட்டது. நான் தமயந்தி கடைக்குப் போய், அவள் என்ன எழுதினாள் என்று கேட்டேன். எனக்கு மறுத்தவர்கள் அவளுக்கு எப்படிக் கொடுத்தார்கள்? அது ஒரு நியாயமான கேள்விதானே? தமயந்தி முதலில் தயங்கியது. அப்புறம் எடுத்துப் படித்துக் காட்டியது.

கைதானீர்களா என்ற கேள்விக்கு ஆமாம் என்று போட்டிருக்கிறாள். அந்த நாலு வரிப் பெட்டியில் அவள் எழுதியது எனக்கு மனப்பாடம். “1985-இல் கூலி உயர்வு கேட்டுப் பாலத்தை மறித்தேன். பதினோரு நாள் சிறையில் இருந்தேன். கைக்குழந்தை என்னோடு இருந்தது. அந்தக் குழந்தையைப் பார்க்கத்தான் இப்போது வருகிறேன்.”

நாலு வரிக்குள் அடங்கிவிட்டது. இடம்கூட மிச்சம் இருந்ததாம்.

ஐம்பது வருஷம் எழுதியவன் நான். துண்டறிக்கையில் இப்படி ஒரு வரி எனக்கு விழுந்ததில்லை. சரி, அது கிடக்கட்டும்.

இன்னொரு கேள்வி இருக்கிறது. உங்கள் கோப்பிலும் அதற்கு ஒரு தாள் இருக்கும். திரும்பி உங்கள் நாட்டுக்கு வருவீர்கள் என்பதற்கு என்ன காரணம்? நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்? வீட்டுப் பத்திரம், பென்ஷன் புத்தகம். நல்லது. எங்களிடம் அதெல்லாம் இல்லை. வாடகை வீடு. பாவாயி எழுதியிருந்தாள்: “என் வீட்டுக்காரர் இங்கே தனியாக இருக்கிறார். வயது எழுபத்திரண்டு. அவருக்குச் சோறு வைக்கத் தெரியாது. அதனால் திரும்பி வருவேன்.”

இவ்வளவுதான். சங்கத்தைப் பற்றி இல்லை. நாற்பத்தேழைப் பற்றி இல்லை. என்னைப் பற்றி ஒரு அரசாங்கத்துக்கு எழுதியதில் மிஞ்சியது, சோறு வைக்கத் தெரியாதவன் என்பது. அதை அவர்கள் நம்பிவிட்டார்கள். என்னுடைய அறுபத்து நாலு பக்கத்தை நம்பாதவர்கள் அதை நம்பி முத்திரை குத்திவிட்டார்கள்.

அன்றைக்குக் கோபம் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்தேன். குக்கரை எடுத்தேன். முதல் நாள் தீய்ந்தது. இரண்டாம் நாள் கூழ். பத்துப் பதினைந்து நாள் சங்கத்து ஆபீசில் டீயும் வர்க்கியும்தான். அப்புறம் வந்துவிட்டது. எத்தனை தண்ணீர், எத்தனை விசில், எல்லாம். ரசம் வந்துவிட்டது. புளிக்குழம்பு நன்றாக வரும். எழுபத்திரண்டு வயதில் ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை அது. ஏன் இத்தனை வருஷம் அவளே செய்தாள் என்று தெரியவில்லை.

இப்போது ஆறு மாதம் முடிகிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசினாள். வாலண்டினா எழுந்து நடக்கிறாள். இன்னும் ஆறு மாதம் இரும்மா, நீட்டிக்க மனுப் போடுகிறேன் என்கிறாளாம். அதற்கும் விதி இருக்கிறது, காலம் முடிவதற்கு முன்னால் போட்டுவிட வேண்டும். “நீங்க என்ன சொல்றீங்க? நல்லா சாப்படறீங்களா?” என்றாள். பின்னால் வாலண்டினா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி ஸ்வெட்டர். இரண்டு பேருமே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுப்பில் குக்கர் அப்போதுதான் மூன்றாவது விசில் அடித்து முடித்திருந்தது. எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

“எங்கே சாப்பிடுவது? நேற்றும் தீய்ந்துவிட்டது” என்றேன்.

நாற்பத்தேழு முறையில் ஒரு முறைகூடப் பொய்ப் பெயர் கொடுத்து நான் வெளியே வந்ததில்லை. கேட்டுப் பாருங்கள் யாரிடம் வேண்டுமானாலும். விசா விண்ணப்பத்திலும் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. அன்றைக்கு அந்த ஒன்றைத்தான் சொன்னேன். வாலண்டினாதான் சிரித்தாள். சிரித்தாளா, வேறெதுவுமா என்று அந்தச் சதுரத்தில் சரியாகத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு டிக்கெட் போட்டாயிற்று என்றார்கள்.

இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்குகிறாள். அதற்குத்தான் போகிறேன்.

அம்மா எழுந்துவிட்டார்கள் போலிருக்கிறது. வணக்கம்மா. பாதி நேரமாக உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம், விரலைப் பற்றி. அவர் சொல்லுவார். பசிக்குமே, வெளியில் ஒன்றும் வாங்காதீர்கள். இந்த டப்பாவில் மூன்று பேருக்கு இருக்கிறது. எலுமிச்சைச் சாதம்தான். கட்டிக்கொண்டு போக எனக்குத் தெரிந்த சோறு அது ஒன்றுதான், மண்டபத்தில் நாற்பத்தேழு முறை சாப்பிட்டிருக்கிறேன். கடலைப்பருப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நான்தான் செய்தேன், காலையில் எழுந்து. சாப்பிடுங்கள், நன்றாக இருக்கிறதா என்று சொல்லுங்கள். இதுவரைக்கும் யாரும் சாப்பிட்டுப் பார்த்துச் சொன்னதில்லை.

முடித்துவிடுங்கள், ஒரு பருக்கை மிச்சம் வைக்க வேண்டாம். காட்பாடி வந்ததும் இறங்கி டப்பாவைக் கழுவ வேண்டும். இரண்டு தடவை கழுவ வேண்டும். வாசனை இருந்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.